2029 ஏப்ரல் 13 வெள்ளிக்கிழமை: அந்தக் கல் விழப்போகிறதா?

சென்ற வாரம் தரம் 10 வகுப்பில் விஞ்ஞான பாடம் முடிந்து புத்தகத்தை மூடும்போது ஒரு மாணவி எழுந்து நின்றாள். “சேர், எங்கட உம்மும்மா ரெண்டு நாளா நித்திர கொள்ளல்ல. 2029ல ஒரு வெள்ளிக்கிழம பெரிய கல்லொன்டு விழுந்து எல்லாம் முடியப்போகுதாம். வட்ஸ்அப்ல வந்த வீடியோவப் பாத்துட்டு அழுறாங்க. மெய்யா சேர்?”

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. வேறு சிலர் வீட்டுக்கும் அதே வீடியோ வந்திருந்தது.

அந்தக் கல்லின் பெயர் அபோபிஸ். அது 2029 ஏப்ரல் 13ஆம் திகதி பூமிக்கு மிக அருகில் வருவது உண்மை. அன்று வெள்ளிக்கிழமை என்பதும் உண்மை. விழப்போகிறது என்பது மட்டுமே பொய். முழுப் பொய்யை மறுப்பது இலகு. முக்கால்வாசி உண்மையோடு வரும் பொய்க்குக் கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது.

சூரியனைச் சுற்றிவரும் பாறைகளைச் சிறுகோள்கள் என்கிறோம். அவற்றில் பூமியின் பாதைக்கு ஓரளவு அருகில் வருபவை மாத்திரம் இதுவரை 40,000க்கும் மேல் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. கண்டுபிடிக்கும் முறை ஒன்றும் மந்திரமல்ல. வானத்தின் ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளியில் பல தடவை படம் பிடிக்கிறார்கள். நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். அந்தப் புள்ளியின் விபரம் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்திலுள்ள சிறுகோள் மையத்துக்குப் போகிறது. அங்கிருந்து உலகம் முழுவதும் உள்ள வானியலாளர்கள் அதைத் தொடர்கிறார்கள். நாஸாவும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் தனித்தனியே பாதையைக் கணிக்கின்றன. இரண்டு கணக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள்.

சிக்கல் எங்கே என்றால், முதல் சில நாட்களில் பாதையின் ஒரு சிறு துண்டுதான் தெரியும். கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ தீர்ப்பு போலத்தான். பந்து நிலத்தில் பட்டு உடனே காலில் பட்டுவிட்டால், அது விக்கெட்டுக்குப் போயிருக்குமா என்று சொல்வது கஷ்டம். ஒரு சிறுகோளைப் பத்து நாள் பார்த்துவிட்டு எட்டு வருடத்துக்குப் பிறகு அது எங்கே இருக்கும் என்று சொல்வது அதைவிடக் கஷ்டம். அதனால் ஒரு புள்ளியைச் சொல்லாமல், “இந்த நீண்ட பட்டைக்குள் எங்காவது இருக்கும்” என்றுதான் சொல்வார்கள். பூமியும் அந்தப் பட்டைக்குள் இருந்தால் செய்தி பிறக்கிறது.

2024 டிசம்பர் 27ஆம் திகதி சிலி நாட்டிலுள்ள அட்லஸ் தொலைநோக்கியில் சுமார் 60 மீற்றர் அகலமான ஒரு சிறுகோள் அகப்பட்டது. 2024 வைஆர்4 என்று பெயரிட்டார்கள். 2032 டிசம்பர் 22இல் அது பூமியில் மோதும் வாய்ப்பு ஜனவரி இறுதியில் 1 சதவீதத்தைத் தாண்டியது. 2025 பெப்ரவரி 18இல் 3.1 சதவீதமானது. மோதினால் விழக்கூடிய நீண்ட கோட்டில் கிழக்கு பசுபிக் முதல் ஆபிரிக்கா, அரபிக்கடல், தெற்காசியா வரை இருந்தன. “நாளுக்கு நாள் ஆபத்து கூடுகிறது” என்று என் கைபேசிக்கும் வந்தது. ஒரு வாரத்துக்குள் அந்த எண் 0.004 சதவீதமாக விழுந்தது. அந்தச் செய்தியை எனக்கு யாரும் அனுப்பவில்லை.

ஏன் இப்படிக் கூடிக் கூடிப் போய் சட்டென்று விழுகிறது? இதை விளக்க மறுநாள் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். வகுப்பில் 32 பேர். 3.1 சதவீதம் என்பதும் 32இல் ஒன்றுதான். ஒருவருடைய பெயரைக் கடதாசியில் எழுதி மடித்து பொக்கட்டில் வைத்துக்கொண்டேன். “பெயர் இல்லாத 16 பேரை உட்கார வைக்கப் போகிறேன்” என்றேன். கேள்வி கேட்ட மாணவி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இப்போது அவளது வாய்ப்பு 16இல் ஒன்று. மேலும் 8 பேர் உட்கார்ந்தார்கள், 8இல் ஒன்று. பிறகு 4இல் ஒன்று, அதாவது 25 சதவீதம். அவளது முகம் மாறத் தொடங்கியது. “கடதாசியில் எதையாவது மாற்றினேனா?” என்று கேட்டேன். இல்லை. கடதாசி அதே கடதாசி, பெயர் அதே பெயர். கூடியது எங்கள் அறிவு மட்டும். அடுத்து அவளையும் உட்காரச் சொன்னேன். 25 ஒரே நொடியில் பூச்சியமானது.

சிறுகோளிலும் நடப்பது இதுதான். கூடுதலாக அவதானிக்க அவதானிக்க அந்தப் பட்டை குறுகுகிறது. பூமி இன்னும் அதற்குள் இருக்கும்வரை பட்டையில் பூமியின் பங்கு கூடும். பட்டை பூமியைவிட்டு விலகியதும் எண் சரிந்துவிடும். கல் தன் பாதையை மாற்றவேயில்லை.

அபோபிஸின் கதையும் இதேதான், ஆனால் அதன் திகதி எனக்கு வேறு விதமாக ஞாபகமிருக்கிறது. 2004 ஜூனில் அரிசோனாவில் கண்டுபிடித்து, இரண்டு நாளில் தவறவிட்டு, டிசம்பரில் மீண்டும் பிடித்தார்கள். 2004 டிசம்பர் 27ஆம் திகதி, 2029இல் அது மோதும் வாய்ப்பு 2.7 சதவீதம் என்று கணிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் மாதம் எடுத்த பழைய படங்களில் அது பதிவாகியிருந்ததைக் கண்டு, அன்றே அந்த ஆபத்து இல்லை என்று முடிவானது. டிசம்பர் 27. சுனாமிக்கு மறுநாள். அப்போது நான் ஆசிரியர் கலாசாலை மாணவன். கிழக்கில் நாங்கள் மையித்துகளைத் தேடிக்கொண்டிருந்த நாள் அது. வானத்தில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முதல்நாள் கடல் வருவதை எங்களுக்குச் சொல்ல எவரும் இருக்கவில்லை. அதற்குப் பிந்திய வாரங்களில் “கடல் வருது, கடல் வருது” என்று யாராவது கத்தினால் ஊரே ஓடியது. ஓட்டத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்ட என் பெரியம்மாவுக்கு அந்தக் கை பிறகு சரியாக மடங்கவேயில்லை. உண்மையான எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை, பொய்யானவை எத்தனையோ வந்தன.

அதனால்தான் இந்த வீடியோக்களை என்னால் வேடிக்கையாகப் பார்க்க முடியவில்லை.

2020இல் ஊரடங்குக்குள் நோன்பு நோற்றபோதும் இப்படி ஒன்று பரவியது. ரமழான் 15 வெள்ளிக்கிழமையாக வந்தால் வானத்திலிருந்து பெரும் சத்தம் கேட்கும் என்றொரு செய்தியை ஹதீஸ் என்று எடுத்து, அந்நாட்களில் பூமியைக் கடந்த ஒரு சிறுகோளோடு முடிச்சுப் போட்டார்கள். அது ஆதாரமற்ற அறிவிப்பு என்பதை உலமாக்கள் சொன்னார்கள். கல்லைப் பற்றிய பக்கத்தையும் யாராவது சொல்லியிருக்க வேண்டும். 1998 ஓஆர்2 என்ற அந்தச் சிறுகோள் ஏப்ரல் 29இல் 63 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் கடந்து போனது. சந்திரன் இருக்கும் தூரத்தைப் போல் 16 மடங்கு. “ஆபத்தானது என நாஸா அறிவிப்பு” என்று வந்த தலைப்பும் ஒரு வகையில் பொய்யல்ல. சுமார் 140 மீற்றருக்கு மேற்பட்டு, பூமியின் பாதைக்கு 75 இலட்சம் கிலோமீற்றருக்குள் வரக்கூடிய எல்லாவற்றையும் அப்படித்தான் வகைப்படுத்துகிறார்கள். தொடர்ந்து கவனிக்க வேண்டியவை என்ற பட்டியல் அது, மோதப்போகிறவை என்ற பட்டியல் அல்ல. கியாமத் நாளின் அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே என்று நம்பும் நாம்தான், திகதி போட்டு வரும் செய்தியை முதலில் பகிர்கிறோம். செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தின் வசனம் வட்ஸ்அப்புக்குப் பொருந்தாது என்று யார் சொன்னது?

அதற்காக, பயப்பட எதுவுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்டவை பெரும்பாலும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. ஆனால் 140 மீற்றர் அளவிலானவற்றில் பாதிகூட இன்னும் அகப்படவில்லை. 2013 பெப்ரவரி 15இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேல் சுமார் 20 மீற்றர் கல் வெடித்தது. சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் காணவில்லை. வெளிச்சத்தைக் கண்டு ஜன்னலருகே போனவர்களை ஓரிரு நிமிடங்களுக்குப் பிறகு வந்த அதிர்வு கண்ணாடிச் சில்லுகளால் தாக்கியது. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள்.

சூடானின் கதை வேறு மாதிரி. 2008 ஒக்டோபரில் சுமார் 4 மீற்றர் கல் ஒன்று விழுவதற்கு 19 மணித்தியாலங்களுக்கு முன்னரே கண்டுபிடிக்கப்பட்டு, இடமும் நேரமும் கணிக்கப்பட்டது. வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. கணித்தபடியே நூபியப் பாலைவனத்தின் மேல் அது வெடித்தது. கார்ட்டூம் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் முஆவியா ஷத்தாதும் அவருடைய மாணவர்களும், வெளிநாட்டு ஆய்வாளர் பீட்டர் ஜெனிஸ்கென்ஸுடன் வரிசையாக நடந்து மணலில் துண்டுகளைத் தேடினார்கள். கிடைத்தவற்றுக்கு அருகிலிருந்த ரயில் நிலையத்தின் பெயரையே வைத்தார்கள்: அல்மஹத்தா ஸித்தா, ஆறாம் நிலையம். பக்தாத் வானியலாளர்களின் பழைய பெருமையை மேடைக்கு மேடை பேசுகிறோம். அந்தக் கார்ட்டூம் மாணவர்களை என் வகுப்பில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

முன்கூட்டியே தெரிந்தால் என்ன செய்யலாம் என்பதற்கும் ஒரு விடை கிடைத்திருக்கிறது. 2022 செப்டம்பர் 26இல் நாஸாவின் டார்ட் விண்கலம் டிமோர்போஸ் என்ற 160 மீற்றர் சிறுகோளில் வேண்டுமென்றே மோதியது. அது தன் பெரிய கல்லைச் சுற்றும் நேரம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்கும் மேல் குறைந்தது. சில வருட அவகாசம் இருந்தால் ஒரு சிறிய தள்ளல் போதும்.

அபோபிஸுக்கு அதுவும் தேவையில்லை. 2021 மார்ச்சில் ராடார் மூலம் அளந்த பின், குறைந்தது 100 வருடங்களுக்கு அது மோதாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். 2029இல் நிலத்திலிருந்து சுமார் 32,000 கிலோமீற்றர் உயரத்தில் கடந்து போகும். நம் கூரை டிஷ்களுக்கு அலைவரிசை அனுப்பும் செய்மதிகளைவிடக் கிட்ட. மூன்று கால்பந்து மைதானங்களின் நீளமுள்ள கல் அவ்வளவு கிட்ட வருவது அபூர்வம் என்பதால் அதைப் படிக்க விண்கலங்களும் போகின்றன.

மிகக் கிட்ட வரும் வேளை நமக்கு 14ஆம் திகதி அதிகாலை 3.15 அளவில். அப்போது அது அட்லாண்டிக் பக்கம் போயிருக்கும். இந்து சமுத்திரத்தின் மேலாக வரும் முன்னிரவுதான் நமக்கான நேரம். அதன் முழு வெளிச்சம் அப்போது இராது என்பதால் ஒரு பைனாகுலர் வைத்திருப்பது நல்லது. துல்ஹஜ் தலைப்பிறைக்கு ஓரிரு நாள் முந்திய இரவு, நிலவின் தொந்தரவு இராது. ஏப்ரல் மாத முகில் என்ன செய்யும் என்பதுதான் தெரியாது.

இதையெல்லாம் அந்த மாணவி வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தாள். “உம்மும்மா கேக்கச் சொன்னாங்க சேர், அண்டைக்கு இஷாவுக்குப் பொறகு எந்தப் பக்கம் பாக்கணுமாம்?”