தட்டச்சுப்பொறியும் அடுப்படியும்

நியூயார்க் நகரத்தை ஒட்டிய லார்ச்மான்ட் என்ற ஊரில், 1950களில், ஒரு பெண்மணி காரைக் கிளப்பிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறுவார். நாலைந்து தெரு தள்ளி ஓரமாக நிறுத்துவார். இறங்கமாட்டார். உள்ளேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிடுவார். அந்தப் பெண்மணி ஜீன் கெர். வீட்டில் நான்கு பையன்கள். அதில் இரண்டு பேர் இரட்டையர். பிற்பாடு இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்து ஆறாயிற்று. அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுத இடம் தேடுவதைவிடக் காருக்குள் அடைந்துகொள்வது சுலபம்.

கெர் பென்சில்வேனியாவின் ஸ்கிரான்டன் நகரத்தில் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1922இல் பிறந்தவர். கன்னியர் நடத்திய கல்லூரியில் படித்தார். மணந்துகொண்டது வால்ட்டர் கெர் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழக ஆசிரியரை. அவர் பின்னாளில் நியூயார்க்கின் பெயர்பெற்ற நாடக விமர்சகர் ஆனார். ஜீன் எழுதவந்த காரணத்தை அவரே சொல்லியிருக்கிறார்: காலையில் நேரங்கழித்து எழவேண்டும், அதற்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கவேண்டும், ஆளுக்குச் சம்பளம் தர வருமானம் வேண்டும். இலக்கிய லட்சியம் என்று யாராவது கேட்டால் இதைவிட நேர்மையான பதில் கிடைக்காது.

1957இல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பின் பெயர் ‘பிளீஸ் டோன்ட் ஈட் த டெய்சிஸ்’. டெய்சிப் பூக்களைத் தின்னாதீர்கள் என்று பொருள். வீட்டில் விருந்து. எதைத் தொடக்கூடாது, எங்கே ஏறக்கூடாது என்று பையன்களுக்கு முன்கூட்டியே நீண்ட பட்டியல் சொல்லியாயிற்று. மேசையில் அலங்காரத்துக்கு வைத்த பூவைத் தின்னக்கூடாது என்று மட்டும் சொல்ல மறந்துபோயிற்று. தின்றுவிட்டார்கள். சொல்லாத கட்டளையை மீறுவது பாவமாகாதே! புத்தகம் விற்றுக் குவித்தது. 1960இல் டோரிஸ் டே நடிக்கத் திரைப்படமாகவும், பிறகு தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அவர் எழுதிய ‘மேரி, மேரி’ நாடகம் நியூயார்க்கின் பிராட்வேயில் 1,500 காட்சிகளைத் தாண்டி ஓடியது.

கெர்ரின் வெற்றிக்குப் பக்கத்தில் நியூயார்க்கின் நாடக மேடை இருந்தது. அவரைப் போலவே வீட்டு வாழ்க்கையை நகைச்சுவையாக எழுதிய எர்மா பாம்பெக்குக்கு அப்படி எதுவும் இல்லை. அவர் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரத்துக்காரர். அப்பா பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டியவர்; மகளுக்கு ஒன்பது வயதாகும்போது இறந்துவிட்டார். எர்மா பள்ளியில் படிக்கும்போதே உள்ளூர்ச் செய்தித்தாளில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். 1943இல் அந்த ஊருக்கு வந்த குழந்தை நட்சத்திரம் ஷர்லி டெம்பிளைப் பேட்டி கண்டு எழுதினார். டேட்டன் பல்கலைக்கழகத்தில், மரியன்னை சபைத் துறவியான ஆசிரியர் ஒருவர் இவருடைய எழுத்தைப் பார்த்துவிட்டு, உனக்கு எழுத வருகிறது என்று சொன்னார். ஆயுசுக்கும் அந்த ஒரு வாக்கியத்தை நினைவுகூர்ந்துகொண்டிருந்தார் எர்மா. புராட்டஸ்டன்ட் சபையில் வளர்ந்த அவர், பட்டம் பெற்ற 1949ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். பில் பாம்பெக்கைக் கைப்பிடித்ததும் அதே ஆண்டில்தான்.

குழந்தை பிறக்க வாய்ப்புக் குறைவு என்றார்கள் மருத்துவர்கள். 1953இல் ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுத்தார்கள். பிறகு, மருத்துவர்களின் வாக்கைப் பொய்யாக்கி, இரண்டு பையன்கள் பிறந்தார்கள். வேலையை விட்டுவிட்டு சென்டர்வில் என்ற புறநகரில் குடியேறினார் எர்மா. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கா முழுவதும் முளைத்த, ஒரே அச்சில் வார்த்த வீடுகள் கொண்ட குடியிருப்புகளில் அதுவும் ஒன்று. 1946 முதல் 1964 வரை அந்த நாட்டில் பிறந்த குழந்தைகள் ஏழரைக் கோடிக்கு மேல். கணவர் காரில் வேலைக்குப் போய்விடுவார். மனைவி துவைக்கும் இயந்திரத்தோடும் குழந்தைகளோடும் மாலைவரை தனியே. அந்தத் தனிமையைப் பற்றிப் பெண்கள் பத்திரிகைகள் பேசவில்லை. பளபளக்கும் சமையலறைப் படங்களைத்தான் போட்டுக்கொண்டிருந்தன.

கடைசிப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய 1964இல், கெட்டரிங் ஓக்வுட் டைம்ஸ் என்ற சின்ன வாரப் பத்திரிகையில் பத்தி எழுதத் தொடங்கினார் எர்மா. ஒரு பத்திக்கு மூன்று டாலர். எழுதும் இடம் படுக்கையறை. மறு ஆண்டே டேட்டனின் பெரிய நாளிதழ் அழைத்துக்கொண்டது. அங்கே சேர்ந்த சில வாரங்களில் ஒரு சிண்டிகேட் அவரைப் பிடித்தது. சிண்டிகேட் என்பது மொத்த வியாபாரம்: ஒருவர் எழுதிய ஒரே பத்தியை வாங்கி ஊர் ஊராக உள்ள பத்திரிகைகளுக்கு விற்பார்கள், சின்னப் பத்திரிகை கொஞ்சம் தரும், பெரிய பத்திரிகை நிறையத் தரும். முதலில் 36 பத்திரிகைகள். நான்கே ஆண்டுகளில் 500. உச்சத்தில் 900 பத்திரிகைகள், மூன்று கோடி வாசகர்கள். 4,000க்கு மேற்பட்ட பத்திகள், 15 புத்தகங்கள்.

வீட்டுப் பெண்கள் அந்தப் பத்திகளைக் கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார்கள். விருது வாங்கிய எத்தனை நாவலுக்கு அந்த இடம் கிடைத்திருக்கும்?

பக்தியைப் பற்றி எர்மா பெரிதாக எழுதியவர் அல்லர். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிற எந்தத் தாயும் பார்க்கிற காட்சிகளை எழுதினார். ஒரு பத்தியில், வழிபாட்டின் நடுவே ஒரு குழந்தை பின்பக்கம் திரும்பி எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறது. அழவில்லை, பாட்டுப் புத்தகத்தைக் கிழிக்கவில்லை, சிரிக்க மட்டும் செய்கிறது. கோவிலில் என்ன இளிப்பு என்று அம்மா அதட்டி ஓர் அடி வைக்கிறாள். குழந்தை அழத் தொடங்கியதும் அவளுக்கு நிம்மதி, செபத்தைத் தொடர்கிறாள். இங்கேகூடச் சிரிக்கக்கூடாது என்றால் அந்தக் குழந்தை வேறு எங்கே போகும் என்று எர்மா கேட்டார். எந்த ஞாயிறு மறையுரையிலும் இந்தக் கேள்வி பொருந்தும். எழுதினவர் அதைப் பிரசங்கமாக்கவில்லை, அதனால்தான் படித்தார்கள்.

1974ஆம் ஆண்டு அன்னையர் தினத்துக்கு அவர் எழுதிய பத்தி இன்னும் பிரபலம். கடவுள் தாயைப் படைக்கும்போது ஒரு வானதூதர் பக்கத்தில் நின்று குறைசொல்கிறார்: இத்தனை கைகள் எதற்கு, இத்தனை கண்கள் எதற்கு, போய்த் தூங்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆதியாகமத்தின் ஆறாம் நாளை ஒரு தொழிற்சாலையின் மிகைநேர வேலையாக மாற்றிவிட்டார். அவருடைய மற்ற எழுத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம் இனிப்புக் கூடுதல்தான். ஆனால் கோவில் அறிக்கைத்தாள்களிலும் வாழ்த்து அட்டைகளிலும், பல இடங்களில் எழுதியவர் பெயரே இல்லாமல், அது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்த எழுத்துக்கு எதிர்ப்பும் இருந்தது. 1963இல் பெட்டி ஃபிரீடன் தமது ‘த ஃபெமினின் மிஸ்டிக்’ நூலில், வீட்டுப் பெண்களாக வேடம் போட்டு எழுதும் எழுத்தாளர்களைச் சாடினார். ஜீன் கெர்ரைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். நாடகமும் புத்தகமுமாக உழைத்துச் சம்பாதிக்கும் இவர்கள், படுக்கை விரிப்பதும் பாத்திரம் துலக்குவதும்தான் தங்கள் வாழ்க்கை என்பதுபோலச் சிரிக்கவைத்து, படிக்கிற பெண்களை அங்கேயே உட்கார வைத்துவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். அதில் பாதி நியாயம் உண்டு. கெர்ரின் வாசகிகளில் எத்தனை பேருக்கு பிராட்வே மேடை காத்திருந்தது? மறுபாதியை ஃபிரீடன் பார்க்கவில்லை. தன் அலுப்பை வெளியே சொல்வதே குற்றம் என்று நினைத்திருந்த பெண்ணுக்கு, இன்னொருத்தியும் அப்படித்தான் என்று அச்சில் பார்ப்பது சின்ன விஷயம் அல்ல.

இப்படி எழுதியவர்கள் பெண்களை வீட்டோடு நிறுத்தப் பார்த்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது; எர்மாவையே எடுத்துக்கொள்ளலாம். 1978இல் ஆண் பெண் சம உரிமைச் சட்டத்திருத்தத்துக்காக மாநிலம் மாநிலமாகச் சுற்றிப் பிரசாரம் செய்தார். இஸ்திரிப் பெட்டியைப் பற்றி எழுதியவர் அரசியல் பேசலாமா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. திருத்தம் நிறைவேற 38 மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. 35ஐத் தாண்டாமல் 1982இல் ஒப்புதலுக்கான கெடு முடிந்தது.

புற்றுநோய் கண்ட குழந்தைகளைச் சந்தித்து 1989இல் ஒரு புத்தகம் எழுதினார். முடி வளரவேண்டும், வளர்ந்து பெரியவளாக வேண்டும், பாய்சி ஊருக்குப் போகவேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்ன மூன்று ஆசைகளே தலைப்பு. அதன் வருமானத்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். அவருக்கே இருபது வயதிலிருந்து பரம்பரைச் சிறுநீரக நோய் இருந்தது; 1992இல் மார்பகப் புற்றுநோயும் வந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்காகப் புகழைக் காட்டி வரிசையை முந்த மறுத்து, மற்றவர்களோடு காத்திருந்தார். 1996 ஏப்ரல் 3ஆம் தேதி சிறுநீரகம் கிடைத்தது. அதே மாதம் 22ஆம் தேதி இறந்தார்.

டேட்டன் பல்கலைக்கழகம் 2000இலிருந்து அவர் பெயரில் நகைச்சுவை எழுத்துப் பயிலரங்கம் நடத்திவருகிறது. சென்டர்வில்லில் அவர் குடியிருந்த வீடு 2015இல் அமெரிக்க அரசின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் ஏறியது. கட்டடக் கலை என்று பார்த்தால் அதில் விசேஷம் எதுவுமில்லை; புறநகரின் கழிவுநீர்த் தொட்டிமேல் முளைக்கும் புல்தான் பசுமையானது என்று தலைப்பு வைத்து அவர் ஒரு புத்தகம் முழுக்கக் கேலிசெய்த அதே ரக வீடு.