விளையாட்டு வீரரின் பெயருரிமை

ஒருவருடைய பெயரும் உருவமும் யாருக்கு உரியவை என வினவின், அவருக்கே உரியவை என விடை கூற எவருந் தயங்கார். ஆயின், ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரி விளையாட்டு வீரர்கள் இவ்வுரிமையைப் பெறுதற்கு நெடுங்காலம் வழக்காட வேண்டியதாயிற்று. அவ்வரலாறு விளையாட்டை மட்டும் பற்றியதன்று. உழைப்பவருக்கும் அவ்வுழைப்பின் பயனைத் துய்ப்பவருக்கும் இடையே நிலவவேண்டிய நீதியைப் பற்றியதுமாகும்.

1906ஆம் ஆண்டிலே தோன்றிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், மாணவர் ஊதியங் கருதாது விளையாடுதல் வேண்டும் என்னுங் கொள்கையை மேற்கொண்டது. கல்விக் கட்டணம், உண்டி, உறையுள் ஆகியவற்றுக்கான புலமைப்பரிசில் காலப்போக்கில் அனுமதிக்கப்பட்டது. ஆயினும், தம் விளையாட்டுப் புகழைக்கொண்டு வணிகப் பொருளொன்றை விளம்பரஞ்செய்து பணம் பெற்ற மாணவர், போட்டியிற் பங்குகொள்ளுந் தகுதியை இழந்தார். கல்வியே முதன்மை பெறவேண்டும் என்பது இவ்விதிக்குக் கூறப்பட்ட நோக்கம். அந்நோக்கம் இழிந்ததன்று. எனினும், நுழைவுச் சீட்டுக்களாலும் தொலைக்காட்சி உரிமைகளாலும் பெரும்பொருள் குவிந்தபோது, கல்லூரிகளும் பயிற்றுநரும் அதனாற் பயன்பெற்றனர். பொருளைத் துறக்குமாறு விதிக்கப்பட்டவர் மாணவர் மட்டுமே.

இம்முரண்பாடு நீதிமன்றம் ஏறியது. 1995ஆம் ஆண்டிலே கூடைப்பந்தாட்டத்தில் வாகை சூடிய லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்ணியாப் பல்கலைக்கழக அணியின் வீரரான எட் ஓபானன், தம் சாயல் வீடியோ விளையாட்டொன்றில் இசைவின்றிப் பயன்பட்டமை கண்டு, 2009இல் வழக்குத் தொடுத்தார். சங்கத்தின் தடை வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானதென 2014இல் தீர்ப்பாயிற்று. 2019இல் கலிபோர்ணியா மாநிலம் வீரருக்குச் சார்பான சட்டத்தை இயற்றியது. 2021 யூன் 21ஆம் நாள், அல்ஸ்ரன் வழக்கிலே, கல்வி சார்ந்த உதவிகளுக்குச் சங்கம் வகுத்த வரம்பு செல்லாதென நாட்டின் மீயுயர் நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. அத்தீர்ப்பு விளம்பர ஊதியத்தைப் பற்றியதன்று. எனினும் சங்கத்தின் அரண் அதனால் தளர்ந்தது. அவ்வாண்டு யூலை 1ஆம் நாள் முதல், பெயர், உருவம், சாயல் ஆகியவற்றால் வீரர் பொருளீட்டுதல் அனுமதிக்கப்பட்டது.

ஆயின், புதிய விதிகளிலும் ஓர் எல்லை உண்டு. விளம்பரத்துக்குப் பணம் பெறலாம். குறித்த கல்லூரியிற் சேர்வதற்கு வெளியார் தருங் கையூட்டை ஊதியம் எனப் பெயரிட்டுப் பெறலாகாது. செல்வரான ஆதரவாளர் சிலர் கூட்டாகப் பணந்திரட்டி வீரருக்கு வழங்கத் தலைப்பட்டமையால், இவ்வெல்லையைக் காத்தல் அரிதாயிற்று. 2025 யூன் 6ஆம் நாள் நீதிமன்றம் ஏற்ற இணக்கத் தீர்வு, கல்லூரிகளே வீரருக்கு நேரடியாகப் பணம் வழங்க இடமளித்தது. 2025–26ஆம் கல்வியாண்டுக்குக் கல்லூரி ஒன்றின் உச்சவரம்பு ஏறத்தாழ 205 இலட்சம் டொலர். மேலும், 600 டொலருக்குக் குறையாத வெளி ஒப்பந்தங்களை வீரர் அறிவித்தல் வேண்டும். அவ்வொப்பந்தம் மெய்யான வணிக நோக்கமுடையதா, தொகை தகுதியானதா என ஆராயப்படும்.

இவ்வுரிமை யாவரையும் ஒருபடித்தாக எய்தவில்லை. மாணவர் விசாவிலே அங்கு சென்ற பிறநாட்டு வீரர் தொழில் புரிதற்குக் கடுங்கட்டுப்பாடுகள் உள. ஆதலின், உடன் விளையாடுந் தோழர் எளிதிற் கையொப்பமிடும் ஒப்பந்தம், அவருடைய கல்வி வாழ்வையே குலைத்துவிடக்கூடும்.

பெயர் அதற்குரியவரிடம் மீண்டது நீதியே. ஆயின், விளையாட்டுக்காலம் சிலவாண்டுகளில் முடிவுறும். காயம் அதனை ஒரே நாளிலும் முடித்துவிடும். அதன்பின் துணைநிற்பது கற்ற கல்வியாகும். மாணவரின் பெயருக்கு விலையளிக்க முன்வந்த கல்லூரிகள், அவர்தம் கல்விக்கும் அத்துணை மதிப்பளித்தல் கடனாகும்.