கணினிக்கு வியர்க்காமல் பார்த்துக்கொள்ளும் கணினி

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை பிற்பகல். சிங்கப்பூரில் டிபிஎஸ், சிட்டிபேங்க் வாடிக்கையாளர்கள் பலரால் கைப்பேசி வழியாகப் பணம் செலுத்த முடியவில்லை. ஏடிஎம் இயந்திரங்களிலும் பணம் எடுக்க முடியவில்லை. ஏறக்குறைய 2.5 மில்லியன் பரிவர்த்தனைகள் தடைபட்டன. இணைய ஊடுருவிகள் யாரும் தாக்கவில்லை. அவ்விரு வங்கிகளும் பயன்படுத்திய தரவு நிலையத்தில் மேம்பாட்டுப் பணி நடந்தபோது, குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகளை மூடும்படி ஒரு தவறான சமிக்ஞை போய்விட்டது. குளிர்நீர் நின்றது, அறை சூடேறியது, கணினிகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய வங்கியும் கடைசியில் ஒரு தண்ணீர்க் குழாயை நம்பித்தான் இருக்கிறது!

கணினிக்குத் தண்ணீர் எதற்கு? ஆற்றல் அழிவதில்லை, வடிவம்தான் மாறுகிறது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கணினிக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியே வருகிறது. மடிக்கணினியை மடியில் வைத்துச் சற்று நேரம் வேலை செய்தாலே சூடு தெரியும். தரவு நிலையத்தில் அப்படிப்பட்டவை ஆயிரக்கணக்கில், இரவும் பகலும் ஓயாமல் ஓடுகின்றன. மின்விசிறிகள் அந்தச் சூடான காற்றைக் குளிர்நீர்க் குழாய்களின் மீது செலுத்துகின்றன. வெப்பத்தை வாங்கிக்கொண்ட நீர் குளிர்விப்பு இயந்திரத்துக்குப் போகிறது. அங்கே வெப்பம் வேறொரு நீர்ச்சுற்றுக்குக் கைமாறி, கூரையில் இருக்கும் குளிர்விப்புக் கோபுரத்தின் வழியே வெளிக்காற்றில் கலக்கிறது.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் மின்சாரம் கேட்கும். ஆகவே நிறுவனங்கள் அதைக் குறைக்கப் பார்க்கின்றன. ஆனால் ஓரிடத்தில் மிச்சம் பிடித்தால் இன்னோரிடத்தில் கூடிவிடுகிறது. கோபுரத்து விசிறியின் வேகத்தைக் குறைத்தால் அங்கே மின்சாரம் மிச்சம். ஆனால் திரும்பி வரும் நீர் போதிய அளவு குளிர்ந்திருக்காது. அதனால் குளிர்விப்பு இயந்திரம் கூடுதலாக உழைக்க வேண்டும். மழை பெய்தால் கணக்கு மாறும். கணினிகளின் வேலைப்பளு கூடினாலும் மாறும்.

இப்படி மாற்றியமைக்கக்கூடிய பத்து விசைகள், ஒவ்வொன்றிலும் பத்து நிலைகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் பத்து பில்லியன் சேர்க்கைகள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று சோதித்துப் பார்த்தால் 95,000 ஆண்டுகள் ஆகும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு அனுபவமுள்ள பொறியாளராலும் அத்தனையையும் தேடிப் பார்க்க முடியாது.

இங்கேதான் இரண்டு தொழில்நுட்பங்கள் கைகோக்கின்றன. ஒன்று, பொருள்களின் இணையம். குழாய், விசிறி, இயந்திரம் என எங்கும் சின்னஞ்சிறு உணர்கருவிகள் பொருத்தப்பட்டிருக்கும். வெப்ப உணர்கருவிகளில் ஒருவகை, சூடு ஏறி இறங்கும்போது தன் மின்தடை மாறுவதை வைத்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. அந்த அளவீட்டைக் கட்டமைப்பு வழியாக உடனுக்குடன் அனுப்பிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. அதற்குக் கண் உண்டு, மூளை இல்லை. மற்றொன்று செயற்கை நுண்ணறிவு. அதற்கு மூளை உண்டு, ஆனால் வெளியே என்ன நடக்கிறது என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

கூகல் நிறுவனத்தில் ஜிம் காவ் என்ற பொறியாளர் இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தார். தரவு நிலையத்தில் ஏற்கெனவே சேர்ந்து கிடந்த உணர்கருவிப் பதிவுகளை எடுத்து ஒரு நரம்பியல் வலைப்பின்னலுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் உள்ளே கொடுத்தவை 19 வகை விவரங்கள். அவற்றை வைத்து, நிலையம் எவ்வளவு சிக்கனமாக ஓடும் என்பதை அந்த வலைப்பின்னல் முன்கூட்டியே கணித்தது. 2014இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, கணிப்பில் பிழை 0.4 விழுக்காடு அளவுதான். புதுக் கருவி எதையும் வாங்காமல், பழைய பதிவுகளிலிருந்தே இதைச் சாதித்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

2016இல் கூகலின் டீப்மைண்ட் பிரிவு, இந்த முறையால் குளிரூட்டலுக்கான மின்சாரம் 40 விழுக்காடு வரை குறைந்ததாக அறிவித்தது. இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். குறைந்தது மொத்த மின்சாரம் அன்று, குளிரூட்டும் பங்கு மட்டுமே. கணினிகளுக்கு 100 அலகும் குளிரூட்டலுக்கு 10 அலகும் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், மிச்சமாவது 4 அலகு. மொத்தச் செலவில் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. பெரிய நிறுவனத்துக்கு அதுவும் பெரிய தொகைதான்; ஆனால் "மின்கட்டணம் 40 விழுக்காடு குறைந்தது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அப்போது செயற்கை நுண்ணறிவு ஆலோசனை மட்டும் சொல்லும். விசையைத் திருப்புவது மனிதர்தான். 2018இல் விசையையும் அதனிடமே கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான உணர்கருவிகளின் அளவீடுகள் அதற்குப் போகும். எந்தெந்த மாற்றம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும், எது ஆபத்தில்லாதது என்று அது கணித்துக் கட்டளை அனுப்பும். தனக்கே உறுதியில்லாத கட்டளைகளை ஒதுக்கிவிடும். அனுப்பிய கட்டளையையும், நிலையத்திலேயே இருக்கும் கட்டுப்பாட்டு முறை மறுபடி சரிபார்த்த பிறகே நிறைவேற்றும். பொறியாளர்கள் வேண்டாம் என்று நினைத்தால் எந்த நேரமும் பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இத்தனை காவல் போட்டதற்கு ஒரு விலை உண்டு. சேமிப்பு தொடக்கத்தில் 12 விழுக்காடுதான். தரவு சேரச்சேரச் சில மாதங்களில் சுமார் 30 விழுக்காட்டை எட்டியது. பாதுகாப்பு கருதி, அது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வேண்டுமென்றே எல்லை வகுத்திருந்தார்கள். முதலில் சொன்ன வால்வுக் கதைக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் தவறான ஒரு கட்டளை என்ன செய்யும் என்று அது காட்டிவிட்டது. அதனால் மிச்சத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது சரியென்றே தோன்றுகிறது.

இன்னொரு சிக்கல், உணர்கருவி பொய் சொல்வது. அறையில் 32 டிகிரி இருக்க, பழுதான கருவி 22 என்று சொன்னால், செயற்கை நுண்ணறிவு அதை நம்பி விசிறியை மெதுவாக்கிவிடும். அதனால்தான் ஒரு கருவியின் அளவீட்டைப் பக்கத்துக் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கருவிகளைச் சோதித்துத் துடைத்துப் பராமரிக்கும் தொழில்நுட்பரின் வேலையும் இதனால் போய்விடுவதில்லை.

நம் வட்டாரத்தில் இது வெறும் செய்தியன்று. 2020இல் சிங்கப்பூரின் மொத்த மின்பயன்பாட்டில் சுமார் 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்குப் போனது. 2019 முதல் 2022 வரை புதிய நிலையங்களுக்கு அனுமதியே நிறுத்திவைக்கப்பட்டது. இப்போது ஜோகூரில் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி வருகின்றன. குளிர்நாடுகளில் குளிர்காலக் காற்றே பாதி வேலையைப் பார்த்துவிடும். நமக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே 2023இல் சிங்கப்பூரின் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் வேறொரு வழியைக் காட்டியது. வழக்கமான 22 டிகிரி செல்சியசுக்குப் பதிலாக 26 டிகிரியிலோ அதற்கு மேலோ நிலையங்களைப் படிப்படியாக இயக்கிப் பழகலாம் என்றது. ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு வரை மிச்சமாகலாம் என்பது அதன் கணிப்பு. ஆனால் 26இல் ஓடும் அறையில் குளிர்நீர் நின்றுபோனால், 22இல் ஓடும் அறையைவிடச் சீக்கிரமே ஆபத்து எல்லை வந்துவிடும். உணர்கருவியும் அதைக் கவனிக்கும் கணினியும் விழித்துக்கொள்ளக் கிடைக்கும் நேரமும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.