அரை மணி நேரத்தில் விடை, அரை நூற்றாண்டு உழைப்பு

ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில், மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் ஆந்திரெய் லூபாஸின் குழு ஒரே ஒரு புரதத்தோடு ஏறத்தாழ பத்தாண்டு மல்லுக்கட்டியது. அதன் வடிவம் பிடிபடவில்லை. 2020-இல் டீப்மைண்ட் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டு-2 கணித்துத் தந்த மாதிரியை வைத்துப் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் விடை கிடைத்தது.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. அது எப்படி மடிந்து சுருள்கிறது என்பதைப் பொறுத்தே அதன் வேலை. அந்த வடிவத்தைக் காண, புரதத்தைப் படிகமாக வளர்த்து எக்ஸ் கதிரைப் பாய்ச்சுவார்கள். படிகம் லேசில் வளராது. உப்பையும் அமிலத்தன்மையையும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான கலவைகளில் சொட்டுச் சொட்டாக வைத்துக் காத்திருக்க வேண்டும். வளர்ந்துவிட்டாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். சிதறிய கதிர்கள் புள்ளிகளாகப் பதியும். ஒவ்வொரு புள்ளியின் பிரகாசமும் தெரியும். ஆனால் அந்த அலைகள் எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தன என்பது பதியாது. அது தெரியாமல் வடிவம் கிடைக்காது. உண்மைக்கு நெருக்கமான மாதிரி ஒன்று கையில் இருந்தால் அதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். லூபாஸ் குழுவிடம் புள்ளிகள் இருந்தன, மாதிரி இல்லை. அதைத்தான் செயற்கை நுண்ணறிவு கொடுத்தது.

சோதனை வழியே ஒரு வடிவத்தைக் கண்டறிய ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் ஆகும் என்பது இந்தத் துறையில் புழங்கும் மதிப்பீடு. ஆனால் 2022 ஜூலைக்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களுக்கு ஆல்ஃபாஃபோல்டு கணித்த வடிவங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன. 2024 வேதியியல் நோபல் பரிசில் பாதி, ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய டீப்மைண்டின் டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது.

இந்த மலிவு எங்கிருந்து வந்தது என்பதே எனக்குப் பெரிய வியப்பு. 1971-இல் ஏழே வடிவங்களோடு தொடங்கியது புரதத் தரவு வங்கி. உலகெங்கும் ஆய்வாளர்கள் தாங்கள் அரும்பாடுபட்டுக் கண்டதை அதில் பொதுவுக்கு வைத்தார்கள். 2020-க்குள் சுமார் 1,70,000 வடிவங்கள் சேர்ந்தன. மேலே சொன்ன மதிப்பீட்டால் பெருக்கினால் 1,700 கோடி டாலர்! ஆல்ஃபாஃபோல்டு பயின்றது இந்த வங்கியில்தான். இலவச விடைக்கு உரிய விலையை, பெயர்கூட நாம் அறியாத பல்லாயிரம் பேர் முன்கூட்டியே கட்டிவிட்டார்கள்.

கணிப்பு மலிந்ததும் செலவு சரிபார்ப்பின் பக்கம் நகர்ந்திருக்கிறது. அணுக்கள் முட்டிக்கொள்ளாமல் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் வரைபடத்தை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வெளியிட்டார்கள். ஒரு வடிவம் நம்பத்தக்கதா என்று இன்றும் அதில் பொருத்திப் பார்க்கிறார்கள். ஆல்ஃபாஃபோல்டும் தன் கணிப்பில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் 0 முதல் 100 வரை நம்பகத்தன்மை மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் 50-க்குக் கீழே விழும் இடத்தில் புரதத்துக்கு நிலையான வடிவமே இல்லாமல் இருக்கலாம்; கணிப்பு தவறியும் இருக்கலாம். இரண்டில் எது என்று அறிய, பழையபடி புரதத்தைத் தயாரித்து ஆய்வகத்தில் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.