நவீன டீஸல் பிக்கப் வண்டிகள்: அவற்றின் பழுதுகளும் செப்பனிடும் செலவும்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் செலவும் விளைவித்த செலவோடு சேர்த்தே எண்ணப்படவேண்டியதாகும். தக்காளி, கத்தரி, வாழை முதலியவற்றைப் பயிரிடும் நிலக்காரர்களில் பலர் வாடகை வண்டியை எதிர்பாராமல், 'பிக்கப்' என்றும் 'குட்டி யானை' என்றும் ஜனங்கள் வழங்கும் சிறு பாரவண்டிகளைச் சொந்தமாகவே வைத்திருக்கின்றனர். இவர்களிடமிருந்து அடிக்கடி கேட்கப்படும் குறை யாதெனில், பழைய டீஸல் வண்டிக்கு ஊர் மெக்கானிக்கே போதுமானவராயிருந்தார்; புதிய வண்டியோ முன்பலகையில் ஒரு விளக்கு எரிந்த சில நாட்களில் வலுவிழந்து நின்றுவிடுகிறது; கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துச் சென்றால் அங்குக் கொடுக்கும் பில்லோ ஒரு போகத்தின் லாபத்தை விழுங்கிவிடுகிறது என்பதே. இக்குறை பெரும்பாலும் உண்மையே. ஆயினும் பழுது யந்திரத்தின் எந்தப் பாகத்தில், என்ன காரணத்தால் உண்டாகிறது என்பதை அறிந்தவர்க்கு இச்செலவில் பெரும்பகுதி மிச்சமாகும்.

நம் நாட்டில் 1-4-2020 முதல் விற்பனையாகும் வண்டிகள் யாவும் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டவை. நான்காவது கட்டம் 2017 ஏப்ரலில்தான் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. ஐந்தாவது கட்டத்தைத் தாண்டி நேராக ஆறாவதற்கு வந்தமையால், பிற நாடுகள் படிப்படியாக ஏறிய ஏணியை நம்மவர் மூன்றே வருஷத்தில் ஏறவேண்டியதாயிற்று. டீஸலிலுள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. டீஸல் கார்களின் புகையிலுள்ள கரித்துகள் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமுக்கு இறங்கியது. சுவாசிக்கும் காற்றுக்கு இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நன்மைக்காக வண்டியில் புதிதாய்ச் சேர்ந்த கருவிகளைப் பராமரிக்கும் பொறுப்பு வண்டிக்காரரிடமே வந்து சேர்ந்தது.

சிலிண்டர், பிஸ்டன், கிராங்கு முதலிய அடிப்படைப் பாகங்கள் இன்றும் உறுதியானவையே. செலவு வைப்பவை எரிபொருளை உட்செலுத்தும் சாதனமும், புகையைச் சுத்தம் செய்யும் சாதனங்களுமேயாகும்.

கிணற்றடி ஆயில் எஞ்சினை அறியாத விவசாயி இல்லை. அதன் இஞ்செக்டர் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் திறந்து டீஸலைப் பீச்சுகிறது. இக்காலத்துப் பிக்கப் வண்டியில் 'காமன் ரெயில்' என்னும் பொதுக்குழாயில் டீஸல் 1,600 பார் அல்லது அதற்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கிறது. அதாவது, அவ்வண்டி முழுதும் ஏற்றும் ஒன்றரை டன் பாரத்தை ஒரு விரல் நகத்தின்மேல் வைத்தாற்போன்ற அழுத்தம். இஞ்செக்டரின் துவாரம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. பம்பின் உட்பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளியோ சில மைக்ரான் மட்டுமே. இத்துணை நுட்பமான சாதனத்துக்கு எண்ணெயிட்டு வழவழப்பூட்டுவது வேறெதுவுமன்று. அதனூடே செல்லும் டீஸல்தான். டீஸலில் நீரோ, தூசியோ, மண்ணெண்ணெயோ கலந்தால் அந்த வழவழப்புக் குன்றி உலோகத்தோடு உலோகம் உராயத் தொடங்கும்.

இதன் விளைவை அமெரிக்க விவசாயிகள் பெருஞ்செலவில் கற்றனர். அந்நாட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் 2011 முதல் 2016 வரையிலான டியூராமாக்ஸ் டீஸல் பிக்கப் வண்டிகளில் 'ஸி.பி.4' என்னும் உயர் அழுத்தப் பம்பு பொருத்தப்பட்டிருந்தது. அமெரிக்க டீஸலின் வழவழப்புக்கு விதிக்கப்பட்ட அளவு ஐரோப்பிய அளவிலும் தளர்ந்தது: சோதனையில் ஏற்படும் தேய்வுத் தழும்பு ஐரோப்பாவில் 460 மைக்ரானுக்கு மேற்படலாகாது, அமெரிக்காவில் 520 வரை அனுமதியுண்டு. அத்தகைய டீஸலுக்கு இப்பம்பு ஏற்றதன்று என்பது வழக்குத் தொடுத்த வண்டிக்காரர்களின் வாதம். பம்பின் உருளை திரும்பிக் காமின்மேல் தேய்ந்தால், உதிரும் உலோகப்பொடி பம்போடு நில்லாமல் பொதுக்குழாய், இஞ்செக்டர்கள், திரும்புகுழாய், தொட்டி ஆகிய யாவற்றிலும் பரவும். ஆகவே ஒரு பம்பு கெட்டால் எரிபொருள் சாதனம் முழுவதையும் மாற்றவேண்டும். அதற்கு 8,000 டாலர் முதல் 10,000 டாலருக்கு மேலும் ஆனதுண்டு. அக்கம்பெனி 2017ஆம் வருஷ மாடலில் வேறு பம்புக்கு மாறியது. ராம் பிக்கப்புகளிலும் 2019, 2020 மாடல்களில் இதே பம்பு வைக்கப்பட்டு, 2021இல் 2,20,000க்கு மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. நம் நாட்டு வண்டிகளிலெல்லாம் அதே பம்பு இருப்பதாகக் கொள்ளலாகாது. ஆனால் உயர் அழுத்தப் பம்பு எதுவாயினும் அசுத்த டீஸலைப் பொறுக்காது.

நம் கிராமங்களில் டீஸலைப் பழைய டிரம்மிலும் பிளாஸ்டிக் கேனிலும் வாங்கி வைப்பது வழக்கம். பாதி காலியான டிரம்மில் இரவுக் குளிர்ச்சியால் நீர் படியும். அடியில் துருவும் மண்டியும் சேரும். டிராக்டருக்கு வைத்த அந்த மீதியைப் பிக்கப்பில் ஊற்றுவதே பல இஞ்செக்டர்களுக்கு யமனாகிறது. நடமாட்டம் மிகுந்த பங்கில் நேராக வண்டித் தொட்டியிலேயே நிரப்புவது நலம். வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து, தங்கிய நீரை அடிக்கடி வெளியேற்றவேண்டும். நீர் விளக்கு எரிந்தபின் ஒரு மைல்கூட ஓட்டலாகாது. வடிகட்டியில் நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க மட்டரகச் சரக்கை வாங்குவது, வரப்பில் விழுந்த துளையை அடைக்க மனமின்றி வயல் நீரை விற்பதற்கு ஒப்பாகும்.

இனி, புகையைச் சுத்தம் செய்யும் சாதனங்களுக்கு வருவோம். புகையின் ஒரு பகுதியை மீண்டும் யந்திரத்துக்குள் திருப்பும் 'ஈ.ஜி.ஆர்.' வால்வில் கரி படிவது சாதாரணம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம். இது அதிகச் செலவில்லாதது. கரித்துகள் வடிகட்டியான 'டி.பி.எப்.' அப்படியன்று. புகைபோக்கியில் அமைந்த இச்சாதனம் கரியைப் பிடித்துவைத்து, நிரம்பியதும் தானே எரித்துவிடும்படி செய்யப்பட்டது. அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி செண்டிகிரேடு உஷ்ணம் வேண்டும். அவ்வுஷ்ணத்தை உண்டாக்க யந்திரம் சிறிது டீஸலை மிகையாகப் பீச்சுகிறது. வண்டி நிறுத்தாமல் நல்ல வேகத்தில் கால் மணி முதல் அரை மணி வரை ஓடினால்தான் இவ்வேலை முடியும்.

வீட்டிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து பால் சங்கத்துக்கும், அங்கிருந்து உரக்கடைக்குமாக மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் புகைபோக்கி சூடேறுவதே இல்லை. எரிப்புத் தொடங்கும், சாவி திருப்பப்படும், நின்றுபோகும். இப்படிப் பலமுறை தடைப்பட்டால் மிகையாய்ப் பீச்சிய டீஸல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து என்ஜின் ஆயிலில் கலக்கிறது. அளவுகோலைப் பார்க்கும் டிரைவர், "ஆயில் குறையவே இல்லை, ஏறியிருக்கிறது" என்று சந்தோஷப்படுவார். அது சந்தோஷத்துக்குரியதன்று. நீர்த்த ஆயிலால் பேரிங்கும் டர்போவும் தேய்ந்துபோகும். டி.பி.எப். விளக்கு எரிந்தவுடன் அன்றே நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவருவதற்கு இரண்டொரு லிட்டர் டீஸல் செலவாகலாம். அதை அலட்சியம் செய்தால் ஒர்க்‌ஷாப்பில் கருவி வைத்து எரிக்கவேண்டும். அதையும் தள்ளிப்போட்டால் வடிகட்டியையே மாற்ற நேரும். உள்ளே விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருப்பதால் அதன் விலை சாமானியர் தாங்கத்தக்கதன்று.

எரிப்பு நடக்கும்போது புகைபோக்கி மிகுதியாகச் சூடேறுமாதலால், வைக்கோற் போரை அடுத்தும், காய்ந்த கரும்புச் சோகையின்மேலும் வண்டியை நிறுத்தலாகாது. களத்துக்குள் வண்டியைக் கொண்டுவந்து பாரம் ஏற்றும் காலங்களில் இதை டிரைவருக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைக்கவேண்டும்.

என்ஜின் ஆயிலிலும் கவனம் தேவை. கரி எரிந்துபோகும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். அதனாலேயே டி.பி.எப். உள்ள வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் விதிக்கப்பட்டிருக்கிறது. டிராக்டருக்கு வாங்கிய வாளியிலிருந்தே பிக்கப்புக்கும் ஊற்றுவது தவறு.

விவசாயிகளும் கிராமாதிகாரிகளும் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது யூரியாவைப் பற்றிய விஷயமாகும். சில வண்டிகளில் டீஸல் தொட்டியை அடுத்து, நீல மூடியிட்ட சிறிய தொட்டி ஒன்று காணப்படும். அதில் ஊற்றும் 'டி.இ.எப்.' அல்லது 'ஆட்ப்ளூ' என்னும் திரவம், 32.5 சதவீதம் யூரியாவும் மீதி தாது நீக்கிய நீருமாகும். இது தீர்ந்தால் வண்டியின் வலு குறைந்து, முடிவில் கிளம்பவே மறுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். யூரியாதானே, வீட்டிலுள்ள மூட்டையைக் கரைத்தால் போதாதா என்ற எண்ணம் விவசாயிக்கு எழுவது இயற்கையே. 45 கிலோ மூட்டை 300 ரூபாய்க்குட்பட்ட மானிய விலையில் கிடைக்கும்போது கடையில் கேனுக்குப் பணம் கொடுப்பானேன் என்று யோசனை சொல்பவர்களும் உண்டு.

இந்த யோசனை வண்டிக்கு நஞ்சாகும். உர யூரியாவில் பையூரெட் என்னும் பொருள் 1.5 சதவீதம் வரை இருக்கலாம்; கரைத்தபின்னும் அது அரை சதவீதத்தை நெருங்கும். டி.இ.எப். திரவத்தில் அனுமதி 0.3 சதவீதமே. சுண்ணாம்புச் சத்து கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது. நம் கிணற்று நீரில் அதைப்போல் நூறு மடங்கு இருப்பதும் சகஜம். மேலும் 2015 முதல் நம் நாட்டு யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசப்படுகிறது. நிலத்தில் தழைச்சத்து மெல்லக் கரைய உதவும் அவ்வெண்ணெய், வண்டியில் பீச்சும் குழலை அடைத்து, புகைபோக்கியிலுள்ள வினையூக்கியைக் கெடுத்துவிடும். சில நூறு ரூபாய் மிச்சப்படுத்தப்போய் வினையூக்கியும் பம்பும் சென்ஸாரும் ஒருங்கே போகும்; உத்தரவாதமும் செல்லாது. இதுவன்றி, 1985ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி மானிய உரத்தை நிலத்துக்கன்றி வேறு காரியத்துக்கு உபயோகிப்பது குற்றம். கிராமத்தில் மூட்டை மூட்டையாக யூரியா வாங்கிக் கரைத்துக் கேனில் அடைப்போர் உண்டானால், பயிருக்குரிய உரம் பறிபோகிறதென்றே கிராமாதிகாரிகள் கருதவேண்டும்.

வாங்கிய கேனையும் தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் வைக்கலாகாது. 30 டிகிரி உஷ்ணத்தில் ஒரு வருஷம் கெடாதிருக்கும் திரவம், 35 டிகிரியில் ஆறு மாதமே தாங்கும். தவறுதலாக இத்திரவத்தை டீஸல் தொட்டியில் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் பம்பு இயங்கித் திரவம் குழாய்களில் ஏறிவிடும். வண்டியைத் தள்ளி நிறுத்தித் தொட்டியை இறக்கிச் சுத்தம் செய்தால் சேதம் அதோடு போம்.

திரவம் குறைந்தவுடன் வண்டி வலுவிழப்பது அமெரிக்க விவசாயிகளுக்கும் பெருந்தொல்லையாயிற்று. 2025 ஆகஸ்டு மாதம் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வண்டிகள் திடீரென வலுவிழக்காதபடி மென்பொருளை மாற்றுமாறு கம்பெனிகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆயினும் திரவமே வேண்டாமென்று அது விலக்களிக்கவில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, டி.பி.எப்.பையும் மற்றவற்றையும் கழற்றி எறிந்து மென்பொருளை மாற்றிவிடலாம் என்று சொல்லும் மெக்கானிக்குகள் உளர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவில் புகை விதியை மீறுவோர்க்கு 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. யந்திரம் செய்தவரே இவ்விஷயத்தில் தப்பவில்லை: ராம் பிக்கப்புகளின் மென்பொருள் சம்பந்தமாகக் கமின்ஸ் கம்பெனி 2023 டிசம்பரில் 167 கோடி டாலருக்கு மேல் அபராதம் செலுத்த இசைந்தது.

ஆகையால் வாங்குமுன்னரே கணக்குப் பார்ப்பது உசிதம். ஒட்டன்சத்திரம் போன்ற தூரத்துச் சந்தைக்கு வாரந்தோறும் முழுப் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு டீஸலே ஏற்றது; அந்த ஓட்டத்திலேயே டி.பி.எப்.பும் சுத்தமாகிவிடும். ஊருக்குள் சுற்றும் வேலையே அதிகமாயின் பெட்ரோல் வண்டியோ, பக்கத்தில் பங்கு இருந்தால் ஸி.என்.ஜி. வண்டியோ போதும். சிறு டீஸல் யந்திரங்களைப் புதிய விதிக்கு ஏற்றதாக்கும் செலவு கட்டாதென்று கண்டே மாருதி சுசூகி கம்பெனி 2020 ஏப்ரலோடு டீஸல் வண்டிகளைக் கைவிட்டது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. வருஷத்தில் நான்கைந்து முறை மட்டும் தொலைதூரம் போகவேண்டியிருப்பவர்க்கு வாடகை வண்டியே லாபம்.

பழைய வண்டி வாங்குவோர் வெளிப்பூச்சைக் கண்டு மயங்காமல், விலை பேசுமுன் ஸ்கேனர் கருவியுள்ள ஒர்க்‌ஷாப்பில் டி.பி.எப்.பின் கரி அளவையும், எரிப்பு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை நடக்கிறதென்பதையும் படித்துப் பார்க்கவேண்டும். ஆயில் அளவு மேற்கோட்டைத் தாண்டியிருந்தாலும், டீஸல் நாற்றம் அடித்தாலும் விட்டுவிடுவதே நலம். டீஸல் வடிகட்டியைக் கழற்றி, உள்ளிருக்கும் எண்ணெயை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி வெயிலில் பார்த்தால், பளபளக்கும் பொடி தெரிகிறதா இல்லையா என்பது ஒரு நொடியில் விளங்கும். பொடி தெரிந்தால் அவ்வண்டியை எந்த விலைக்கும் வாங்கலாகாது.