காம்பரா லைட்டு எரியவில்லையா? ஹோல்டரை மாற்றுவதற்கு முன்

மழைக்காலம் வந்துவிட்டால் லயத்தில் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். தகரம் ஒழுகும், லைட்டு பழுதாகும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. தகரத்து ஆணி ஓட்டையால் இறங்குகிற தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே வந்து நேராக ஹோல்டருக்குள் போய்ச் சேருகிறது.

"புது பல்பு வாங்கிப் போட்டோம், அதுவும் எரியல்ல. அதே பல்பு பக்கத்துக் காம்பராவுல எரியுது" என்று பலர் சொல்வதுண்டு. அப்படியானால் பல்பில் குறையில்லை, அநேகமாக ஹோல்டர்தான் போயிருக்கும். ஒழுக்கு மட்டும் இதற்குக் காரணமில்லை. விறகடுப்புப் புகை வருசக்கணக்காகப் படிந்து, கரியும் பிசுக்குமாக உள்ளே இறங்கிவிடும். முன்பு போட்டு எரித்த 60, 100 வோட்ஸ் பல்புகளின் சூட்டில் ஹோல்டர் வெந்து, தொட்டாலே உதிர்ந்துவிடும் போல இருக்கும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்தால் லைட்டு விட்டுவிட்டு எரியும். காது கொடுத்துக் கேட்டால் 'கிர்' என்று ஒரு சத்தம் வரும். உள்ளே பொறி பறக்கிற சத்தம் அது. அதற்குப் பிறகும் பிள்ளை பாடம் படிக்கட்டும் என்று அந்த லைட்டையே தட்டித் தட்டி எரிக்கக் கூடாது.

ஹோல்டரின் விலை பெரிதல்ல. வேலையும் அரை மணித்தியாலத்துக்கு மேல் போகாது. ஆனால் இந்தச் சின்ன வேலையில்தான் ஆட்கள் கரண்ட் அடித்துக் கதிரையிலிருந்து சிமெந்துத் தரையில் விழுகிறார்கள். விழுந்தவரைக் கேட்டால், "சுவிச்ச நிப்பாட்டிட்டுத்தானே ஏறினேன்" என்பார். பொய்யில்லை, நிறுத்தியிருப்பார். பிறகு எப்படி அடித்தது?

பல்புக்கு இரண்டு வயர் வேண்டும். ஒன்று லைவ், அதில்தான் கரண்ட் வருகிறது. மற்றது நியூட்ரல், கரண்ட் திரும்பிப் போகிற வழி. சுவிச்சை லைவ் வயரில்தான் போட வேண்டும். பீலித் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வருகிற குழாயை வீட்டுக்கு முன்னாலேயே அடைத்தால் வீட்டுக்குள் தண்ணீர் வராது. வீட்டைத் தாண்டிய பிறகு அடைத்தால் தண்ணீர் ஓடாது, ஆனால் குழாய் நிறையத் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். எங்காவது ஒரு ஓட்டை போட்டால் பீறிடும். சுவிச்சைத் தவறி நியூட்ரல் வயரில் போட்டிருந்தாலும் இதே கதைதான். லைட்டு அணையும், ஆனால் ஹோல்டருக்குள் 230 வோல்ட் அப்படியே நிற்கும். கை வைக்கிறவர் உடம்புதான் அந்த ஓட்டை.

பழைய வயரிங் உள்ள லயங்களிலும், ஆளாளுக்கு இழுத்துக் கொடுத்த லைனிலும் இந்தத் தவறு நடந்திருக்கலாம். சுவிச்சை நிறுத்திய பிறகும் எல்.ஈ.டி. பல்பு மங்கலாக மினுங்குகிறதா? அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே லைட்டுச் சுவிச்சை நம்பி ஹோல்டரில் கை வைக்காதீர்கள். மெயின் சுவிச்சை நிறுத்துங்கள்.

லயத்தில் அதுவும் போதாது. காம்பராக்கள் ஒட்டியிருக்கின்றன, வயர்கள் ஒரே கூரைக்கடியில் ஓடுகின்றன. உங்கள் மெயினை நிறுத்தினாலும் தலைக்கு மேல் போகிற வயர் பக்கத்துக் காம்பராவினுடையதாக இருக்கலாம். முன்னொரு காலத்தில் மச்சான் வீட்டுக்கென்று இழுத்துக் கொடுத்து, பிறகு எல்லோரும் மறந்துபோன வயராகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் இரண்டு பக்கத்து மெயினையும் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். "அக்கா, அரை மணித்தியாலம் டீவிய நிப்பாட்டிக்கோங்க" என்று கேட்பதில் வெட்கம் இல்லை.

வேலையை ஞாயிற்றுக்கிழமை போல ஒரு நாளில், பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில் பெரிய ஆள் ஒருவரை நிறுத்துங்கள். கரண்ட் இல்லையென்று நினைத்து வெளியிலிருந்து வருகிற யாராவது அதைத் தட்டிவிடுவதும் நடக்கிற காரியம். ஆடுகிற கதிரை வேண்டாம், உறுதியான மேசையில் ஏறுங்கள். காலும் தரையும் காய்ந்திருக்க வேண்டும்.

டெஸ்டர் வைத்துப் பார்க்கும்போது ஒரு முறை உண்டு. மெயினை நிறுத்துமுன் வேலை செய்கிற ஒரு பிளக் பொயின்டில் டெஸ்டரை வைத்து, அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகு மெயினை நிறுத்தி, ஹோல்டரில் உள்ள எல்லா வயரிலும் வைத்துப் பாருங்கள். இறங்கி வந்து, மெயினைப் போட்டு, டெஸ்டர் இன்னும் எரிகிறதா என்று பிளக் பொயின்டில் மறுபடி பார்த்துவிட்டு, மெயினைத் திரும்ப நிறுத்துங்கள். டெஸ்டர் பழுதாகியிருந்தால் உயிருள்ள வயரிலும் எரியாது. அதை நம்பிக் கை வைத்தால் போச்சு.

இனிக் கழற்றலாம். போன் கையில் இருந்தால் மூடியைத் திறந்தவுடன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த வயர் எந்த இடத்தில் என்று பிறகு சண்டை வராது. பழைய வயரிங்கில் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. புதியதில் லைவ் பிரவுன், நியூட்ரல் நீலம், எர்த் பச்சையும் மஞ்சளும்.

தொங்குகிற ஹோல்டரில் இரண்டு வயர்தான், குழப்பம் இல்லை. மேலே பலகையில் வட்டமாகப் பொருத்தியிருக்கிற சீலிங் ரோஸைத் திறந்தால்தான் தலை சுற்றும். அதற்குள் லைவ் வருகிறது, சுவிச்சுக்கு இறங்குகிறது, சுவிச்சிலிருந்து திரும்பி வருகிறது, அடுத்த லைட்டுக்கும் போகிறது. சுவிச்சிலிருந்து திரும்பி வருகிற வயர் பல இடங்களில் கறுப்பாக இருக்கும். நிறம் கறுப்பு, ஆனால் வேலை லைவ் வேலை. இது தெரியாமல் சிவப்பையெல்லாம் சேர்த்து ஒரு முறுக்கு, கறுப்பையெல்லாம் சேர்த்து ஒரு முறுக்கு என்று முறுக்கி வைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? சுவிச்சைப் போடாமலேயே லைட்டு எரியும். "ஆ, சரியாப் போச்சு" என்று சுவிச்சைப் போட்ட கணமே லைவ் நேரே நியூட்ரலில் விழுந்து, 'டமார்' என்று ஃபியூஸ் போகும். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்த வீடாக இருந்தால் வயர் தீப்பிடிக்கும். எனவே நிறத்தைப் பார்த்துச் சேர்க்காமல், பழையது இருந்த இடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

பழைய ஹோல்டரைக் கையோடு டவுனுக்குக் கொண்டுபோய் அதே மாதிரி வாங்குவது நல்லது. எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளதாகக் கேளுங்கள். வயரின் உறையை அரை அங்குலம் அளவுக்குச் சீவி, திருகாணிக்குள் முழுவதும் இறுக்க வேண்டும். வெளியே செம்பு தெரியக் கூடாது, பிசிறும் நிற்கக் கூடாது. சீவும்போது கத்தி செம்பில் பட்டு வெட்டுக் காயம் விழுந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். தொங்குகிற ஹோல்டரின் பாரம் திருகாணியில் தொங்கக் கூடாது. வயரைப் பிடித்துக்கொள்ள உள்ளே கொக்கி போல ஓர் அமைப்பு இருக்கும், வயரை அதில் மாட்டிவிடுங்கள்.

பின் வைத்த ஹோல்டரில் இரண்டு வயரையும் எந்தப் பக்கம் மாட்டினாலும் எரியும். திருகுப் பல்பு ஹோல்டர் அப்படியல்ல. லைவ் வயர் நடுவில் இருக்கிற தகட்டுக்கும், நியூட்ரல் சுற்றியிருக்கிற திருகுக்கும் போக வேண்டும். மாற்றி மாட்டினாலும் லைட்டு என்னவோ எரியும், ஆனால் நாளைக்குப் பல்பு மாற்றுகிற பிள்ளையின் விரல் பல்பின் வெள்ளித் திருகில் படும்போது கரண்ட் அடிக்கலாம். தகட்டால் செய்த லைட்டு வாங்கினால் எர்த் வயரைக் கட்டாயம் அதன் உடம்பில் இணையுங்கள். பிளாஸ்டிக் ஹோல்டருக்கு எர்த் தேவையில்லை. அதற்காகப் பச்சை வயரை வெட்டி எறியாமல், அதற்கென்றுள்ள இடத்தில் இறுக்கி வையுங்கள்.

திறந்து பார்க்கும்போது வயர் உறை பொரிந்து உதிர்ந்தாலோ, செம்பு பச்சை பூத்துக் கிடந்தாலோ, உள்ளே தண்ணீர் நின்ற கறை தெரிந்தாலோ, அத்தோடு மூடிவிட்டு இறங்குங்கள். அது ஹோல்டர் வேலையில்லை, வயரிங் வேலை. முறையாகத் தொழில் படித்த எலெக்ட்ரீசியன் வர வேண்டும். தோட்டத்து ஒபிசிலும் சொல்லி வையுங்கள். ஒரு நாள் பேர் அளவுக்குச் செலவானாலும் ஆகட்டும். வயர் தகரத்தில் உரசிக்கொண்டு கிடந்தால் அதைவிட மோசம். உறை தேய்ந்த அன்றைக்கு முழுத் தகரமும் லைவ் ஆகிவிடும். அந்தத் தகரத்தோடு துணி காயப்போடுகிற கம்பிக் கொடியைக் கட்டியிருந்தால், ஈரத்துணியோடு போகிற அம்மாவுக்கு அது தெரியவா போகிறது? கொடிக்குக் கம்பி வேண்டாம், நைலோன் கயிறு போதும்.

யாருக்காவது கரண்ட் அடித்துப் பிடித்துக்கொண்டால் ஓடிப்போய் இழுக்காதீர்கள், உங்களையும் பிடிக்கும். முதலில் மெயினை நிறுத்துங்கள். மெயின் எட்டாவிட்டால் காய்ந்த தடியாலோ பிளாஸ்டிக் கதிரையாலோ தள்ளிவிடுங்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், கரண்ட் இருதயத்தைப் பாதித்திருக்கலாம்.

வீட்டில் ட்ரிப் சுவிச் இருக்கிறதே என்று கேட்பீர்கள். கரண்ட் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கும்போதுதான் அது விழும். ஒரு கை லைவிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், அதைப் பொறுத்தவரை நீங்களும் ஒரு பல்புதான், விழாமல் சும்மா இருக்கும். இருந்தாலும் அது கட்டாயம் வேண்டும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. மாதம் ஒரு தடவை அதை அமுக்கிப் பாருங்கள். டக்கென்று விழாவிட்டால், லைட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் அதை மாற்றுங்கள்.