உங்களுக்குத் தெரியுமா? பள்ளி காணாத முதியோரும் ஞாபகப் பரீட்சையும்

1975இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் முதலியோர் வகுத்து, இன்று உலகெங்கும் வைத்தியர்கள் கையாளும் 30 புள்ளி ஞாபகப் பரீட்சையானது, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கவும், வாக்கியம் எழுதவும், பின்னிய இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரையவும் பணிப்பதால், பள்ளிக்கூட வாசலையே மிதியாமல் பிரட்டுக்களத்துக்கும் கொழுந்து மலைக்குமாக ஆயுளைக் கழித்த ஹற்றன் தோட்டத்துப் பாட்டியொருவர், தெளிந்த சித்தத்தோடிருந்தும், மறதிநோயாளி என எண்ணப்பட்டுவிடக் கூடும்; இது அநீதியன்றோ! 1998இல் கொச்சியில் உருவாகி, சென்னையிலும் வேலூரிலும் ஆய்வு நடத்திய 10/66 என்னும் மறதிநோய் ஆய்வுக்குழு, கல்வியின்மை முடிவைக் கோணலாக்காதிருக்கும் பொருட்டு, முதியவரை வினவுவதோடு நில்லாமல், உடன் வாழ்வோரிடமும் அவரது அன்றாட நடத்தையில் நேர்ந்த மாறுதல்களை விசாரிக்கும் முறையைக் கைக்கொண்டது. ஆகவே, அடுப்பை அணைக்க மறந்ததையும் பழகிய பாதையில் திகைத்து நின்றதையும் பற்றி லயத்திலே கூட வாழும் மருமகள் கூறும் சாட்சியம், வைத்தியருக்கு மிகுந்த பெறுமதியுடையது.